புகையானைப் பிடித்து மனிதரை விடும் மருந்து: ஏற்பியைக் கணினியில் ஆராயும் முறை

தூர் நெருங்கி, வயலில் தண்ணீரும் வடியாமல் நின்றால் குறுவையோ சம்பாவோ, நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி சேர்ந்துவிடும். டெல்டாவில் அதற்கு அடித்துவந்த மருந்துகளில் ஒன்று இமிடாகுளோபிரிட். பூச்சி நரம்பில் அசிட்டைல்கோலின் என்ற சைகை மூலக்கூறை வாங்கிக்கொள்ளும் புரதமான நிக்கோட்டினிக் அசிட்டைல்கோலின் ஏற்பியை அது இறுகப் பிடிக்கும். மனித ஏற்பியை அவ்வளவாகப் பிடிக்காது. ஏன் என்பதைத் தஞ்சாவூரிலோ மயிலாடுதுறையிலோ உயிர்வேதியியல் படிக்கும் மாணவர் தம் மடிக்கணினியிலேயே பார்க்கலாம். புரதங்களின் முப்பரிமாண வடிவக் கோப்புகள் உள்ள புரதத் தரவு வங்கி (பிடிபி), அவற்றைத் திறந்து பார்க்கும் கைமேராஎக்ஸ், மருந்தைப் புரதத்தில் பொருத்திப் பார்க்கும் ஆட்டோடாக் வினா ஆகிய மூன்றுக்கும் மாணவர்கள் காசு கட்ட வேண்டாம்.

இந்த ஏற்பியில் ஐந்து துணை அலகுகள் வட்டமாகச் சேர்ந்து நடுவில் அயனிவழியை அமைக்கின்றன. அசிட்டைல்கோலின் வந்து உட்கார்ந்ததும் ஏற்பியின் சி-வளையம் என்ற மடிப்பு அதன்மேல் மூடும், வழி திறக்கும், சோடியம் உள்ளே பாயும். அது உட்காரும் இடம் இரண்டு அலகுகள் ஒட்டும் எல்லையில் இருக்கிறது. புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். கோப்பைச் சுருக்க ஏ சங்கிலியை (கோப்பில் ஒவ்வொரு அலகும் ஒரு சங்கிலி) மட்டும் வைத்து மற்றதை அழித்துவிடுவார்கள். பிணைப்பிடத்தில் பாதி போய்விடும். வினா அப்போதும் பிணைப்பின் வலிமைக்கு ஒரு மதிப்பெண் தரும், அதற்குப் பொருளே இருக்காது.

முதலில் பிடிபியில் 2இசட்ஜேயு (2ZJU) என்ற கோப்பைத் திறங்கள். குளத்து நத்தையின் அசிட்டைல்கோலின் பிணைப்புப் புரதம் இமிடாகுளோபிரிட்டோடு சேர்ந்து படிகமானது அது. பூச்சி ஏற்பிக்குப் பதிலாளாக வைத்துக்கொள்ளலாம். மருந்தைச் சுற்றி 5 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருப்பவற்றைத் தேர்ந்தெடுங்கள். டைரோசின் 185 (அமினோ அமிலமும் சங்கிலியில் அதன் வரிசை எண்ணும்) மருந்தின் வளையத்தோடு அடுக்காகப் படிந்திருக்கும். எதிர்ச் சங்கிலியின் குளூட்டமின் 55 நைட்ரோ முனையைப் பிடித்திருக்கும். விஷயமே இந்த 55-இல்தான். டிரிப்டோபான் 53-இலிருந்து இரண்டு தள்ளி வரும் இந்த இடத்தில், பூச்சியின் பீட்டா1 அலகில் நேர்மின் கொண்ட ஆர்ஜினின் இருக்கிறது. மனித பீட்டா2-வில் மின்சுமையற்ற திரியோனின். நைட்ரோவின் எதிர்மின் முனையை ஆர்ஜினின் இழுத்துப் பிடிக்கும், திரியோனினால் முடியாது. பச்சை அசுவினியில் இதே ஆர்ஜினின் (81) திரியோனினாக மாறியபோது மருந்துக்கு எதிர்ப்பு வந்தது என்பது 2011-இல் வெளியான ஆய்வு. இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. வரிசை எண்கள் நத்தையில் 55, மனிதரில் 59, அசுவினியில் 81 என்று வேறுபடும். எண்ணை நம்பாமல் வரிசைகளை ஒப்பிட்டே இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

இனி டாக்கிங், அதாவது மருந்தைப் பிணைப்பிடத்தில் கணினியால் பொருத்துவது. மருந்தைச் சூழ்ந்த இரண்டு சங்கிலிகளை மட்டும் வையுங்கள். பிரிடின் நைட்ரஜனையும் புரதத்தையும் இணைக்கும் நீர் மூலக்கூறு கோப்பில் இருந்தால் அதை விட்டுவைத்து, மற்ற நீரை நீக்குங்கள். மருந்தின் நிகர மின்சுமை பூச்சியமா என்று அவசியம் பாருங்கள். தானியங்கிக் கருவிகள் இதைச் சாதாரண குவானிடின் என்று எண்ணி ஒரு புரோட்டானை ஒட்டிவிடக்கூடும். அப்படி நடந்தால் ஆர்ஜினின் மருந்தை விலக்கும், முடிவு தலைகீழாகும். பின்னால் மனித ஏற்பியில் வரும் நிக்கோட்டினுக்கோ பிஹெச் 7.4-இல் நேர்மின் வேண்டும்.

வினா தேடும் பெட்டியின் மையம் படிகத்திலுள்ள மருந்து, பக்கம் 20 ஆங்ஸ்ட்ராம். தேடல் ஆழம் (exhaustiveness) வினாவில் இயல்பாக 8; அதை 32 ஆக்குங்கள். முதல் ஓட்டத்தில் அதே மருந்தை அதே இடத்தில் பொருத்திப் பாருங்கள். படிக நிலையிலிருந்து விலகல் 2 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டினால் மேலே போகாதீர்கள். பிரிடின் வளையம் புரண்டிருந்தால் அந்த நீரை அழித்துவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து 55-ஐ ஆர்ஜினினாகவும் திரியோனினாகவும் மாற்றி, அதே பெட்டி, அதே தொடக்க எண்ணோடு (seed) ஓட்டுங்கள். ஆர்ஜினினின் பக்கச்சங்கிலி நீளமானது. அது வெளிப்புறம் திரும்பியிருந்தால் மாற்றியும் பயனில்லை, நாலைந்து திருப்பங்களை வைத்துப் பாருங்கள். மனித ஏற்பிக்கு நிக்கோட்டினோடு உள்ள 5கேஎக்ஸ்ஐ (5KXI, 2016) கோப்பு உதவும். அதன் பிரிதிறன் 4 ஆங்ஸ்ட்ராமை ஒட்டியது, பக்கச்சங்கிலிகளின் இடத்தை அப்படியே நம்ப முடியாது.

மதிப்பெண்ணில் 0.6 கிலோகலோரி வேறுபாட்டைக் காட்டி 'தேர்திறன்' (ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடிக்கும் தன்மை) என்று எழுதுபவர்கள் உண்டு. வினாவின் பிழையே 2 முதல் 3 கிலோகலோரி; பிணைப்பு பத்து மடங்கு கூடுவதற்கு 1.4 போதும். எனவே எண்ணைவிட நிலையைப் பாருங்கள்: நைட்ரோ ஆக்சிஜனிலிருந்து ஆர்ஜினின் நைட்ரஜன் 2.7–3.2 ஆங்ஸ்ட்ராமில் இருக்கிறதா, எல்லா ஓட்டத்திலும் அப்படியே வருகிறதா? பிறகு நைட்ரோவுக்குப் பதில் சயனோ உள்ள தையாகுளோபிரிட்டை வைத்து ஒப்பிடுங்கள்.

டாக்கிங்கில் தெரியாதவையும் உண்டு. வயலில் புகையான் இம்மருந்தைத் தாங்குவதற்கு முக்கியக் காரணம் ஏற்பி மாற்றம் அல்ல, மருந்தைச் சிதைக்கும் சிஒய்பி6இஆர்1 என்ற நொதி மிகுதியாக உருவாவது. தேனீயின் பீட்டா1-இலும் அதே ஆர்ஜினின்தான் இருக்கிறது. வரிசை ஒப்பீட்டில் தேனீயையும் கட்டாயம் சேருங்கள்.