ஸ்டென்ட் வைத்த அம்மாவைக் கனடாவுக்கு அழைக்கிறீர்களா? சூப்பர் விசா இன்ஷூரன்ஸ் எடுக்கும் முறை

மதுரையில் அம்மாவுக்கு ஆஞ்சியோ செய்து இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இனி நான் எங்கப்பா கனடா வரப்போறேன்" என்பதுதான். அடுத்த ஆண்டு வந்தார். இதய நோய், சர்க்கரை என எது இருந்தாலும் பெரும்பாலும் வழி உண்டு. ஆனால் பாலிசியில் எந்த வரியைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், விசா என்ன கேட்கிறது?

கனடாவில் உள்ள பிள்ளைகள், பேரப்பிள்ளைகளிடம் பெற்றோரும் தாத்தா பாட்டியும் வந்து நீண்ட நாள் தங்குவதற்கான விசாதான் சூப்பர் விசா. அதற்குக் குறைந்தது 1,00,000 கனடா டாலர் காப்பீடு வேண்டும். வந்திறங்கும் நாளிலிருந்து ஓராண்டாவது அது செல்ல வேண்டும். வெறும் விலைப்பட்டியலை ஏற்க மாட்டார்கள். பணம் கட்டிய பாலிசி, அல்லது முன்பணத்தோடு தவணை ஏற்பாடு காட்ட வேண்டும்.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துவிடுகிறார்கள். விசாவின் இன்ஷூரன்ஸ் நிபந்தனை முக்கியமாகத் தொகையையும் காலத்தையும் பற்றியது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பு இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. அம்மாவின் இதயத்தை முழுக்க விலக்கிவிட்ட மலிவான பாலிசியைக் காட்டினாலும் அந்த நிபந்தனை நிறைவேறிவிடும். நெஞ்சுவலி வந்து எமர்ஜென்சிக்குப் போகும்போதுதான் உண்மை தெரியும். பார்வையாளராக வருபவருக்கு ஒன்டாரியோ மாகாண அரசின் மருத்துவக் காப்பீடான ஓஹிப் கிடையாது. பில் முழுக்க உங்கள் தலையில்தான் விழும்.

படி 1: மருந்துச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்குங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி எக்கோ, ரத்தப் பரிசோதனை, ஒவ்வொரு செக்கப்பின் மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் எல்லாம் ஒரு மஞ்சப்பைக்குள் கிடந்தன. மார்ச் 10 தேதியிட்ட சீட்டின் ஓரத்தில் டாக்டர் பேனாவால் எழுதியிருந்தார்: மெட்டோப்ரொலால் 50 வேண்டாம், 25 போதும். பிரஷர் நன்றாக இருக்கிறது என்று குறைத்திருக்கிறார். அம்மாவுக்கு அது நல்ல செய்தி. இன்ஷூரன்ஸ் கணக்கில் அது வேறு செய்தி.

படி 2: 'ஸ்டேபிள்' நாள்களை எண்ணுங்கள்

இந்தப் படியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். கனடா பாலிசிகள் பழைய நோய்க்குக் காப்பு தருவது, அது குறிப்பிட்ட நாள்களாக 'ஸ்டேபிள்' ஆக இருந்தால்தான். அது 90 நாளாக இருக்கலாம், 180 நாளாக இருக்கலாம். பாலிசிக்குப் பாலிசி மாறும். அந்த நாள்களில் புது அறிகுறி, புது மருந்து, அளவு மாற்றம், முடிவு வராத டெஸ்ட் எதுவும் இருக்கக் கூடாது. அளவைக் குறைத்தாலும் அது மாற்றம்தான். 'நல்லதுக்குத்தானே குறைத்தார்கள்' என்ற வாதம் க்ளெய்மில் எடுபடாது.

பாலிசி தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். மார்ச் 10 அன்று மாத்திரை மாறியது, 180 நாள் வேண்டும் என்றால் செப்டம்பர் 6 வருகிறது. நாங்கள் டிக்கெட்டை ஆகஸ்டிலிருந்து செப்டம்பர் கடைசி வாரத்துக்குத் தள்ளினோம்.

அதே அளவில் பிராண்டிலிருந்து ஜெனரிக்குக்கு மாறுவதையும், இன்சுலினையும், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரினையும் வழக்கம்போல் கூட்டிக் குறைப்பதையும் பல பாலிசிகள் மாற்றமாகக் கொள்வதில்லை. உங்கள் பாலிசியில் அந்த வரி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

விலக்குப் பட்டியலில் இன்னும் இரண்டைத் தேடுங்கள். நெஞ்சுவலிக்கு வாரத்தில் ஒரு முறைக்கு மேல் நைட்ரோகிளிசரின் எடுப்பவருக்கு இதயக் காப்பை விலக்கும் பாலிசிகள் உண்டு. நுரையீரல் நோய்க்கு வீட்டில் ஆக்சிஜன் வைத்திருந்தாலோ பிரட்னிசோன் மாத்திரை எடுத்தாலோ அதேபோல் விலக்குவார்கள். பரவிய புற்றுநோய், டயாலிசிஸ் என்றால் பாலிசி எடுக்கவே தகுதியில்லை என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு. அப்படியானால் பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

படி 3: மருத்துவக் கேள்வித்தாளை அம்மாவோடு போனில் உட்கார்ந்து நிரப்புங்கள்

"சுகர் கொஞ்சம்தான் இருக்கு, அதையும் எழுதணுமா?" என்பார்கள். எழுத வேண்டும். க்ளெய்ம் வந்தால் ஊர் மருத்துவமனைப் பதிவுகளைக் கேட்டு வாங்குவார்கள். மறைத்த ஒன்று வெளியே வந்தால், அதற்குச் சம்பந்தமில்லாத க்ளெய்மும் சேர்ந்து போகலாம். புரோக்கர் "இதை விட்டுடலாம்" என்றால் வேறு புரோக்கரைப் பாருங்கள். எங்களிடம் ஒருவர் அப்படித்தான் சொன்னார். கையெழுத்து அம்மாவுடையது, அவருடையது இல்லை.

படி 4: விலை

ஸ்டேபிள் நோய்க்குக் காப்பு உள்ள பாலிசிக்குக் கூடுதல் பிரீமியம். அதைக் குறைக்க டிடக்டிபிளை, அதாவது முதலில் நீங்கள் ஏற்கும் தொகையை, உயர்த்துங்கள். இதயக் காப்பை வெட்டி விலையைக் குறைக்காதீர்கள். விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

படி 5: வாங்கிய பிறகு

வந்திறங்குவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். இங்கே வந்து வாங்கினால் நோய்க்கான காப்பு தொடங்கச் சில நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். பயணத் தேதி மாறினால் பாலிசித் தேதியையும் மாற்றுங்கள். வாங்கிய பின், புறப்படும் முன் டாக்டர் ஒரு மாத்திரையை மாற்றினாலும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்துதான். செக்கப்பை முன்கூட்டியே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். உடம்புக்கு மாற்றம் தேவையென்றால் மாத்திரையை மாற்றட்டும், பயணம் தள்ளிப்போகட்டும்.

பாலிசி எண்ணையும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் உதவி மையத் தொலைபேசி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி அம்மாவின் பர்ஸில் ஒன்று, பிரிட்ஜ் கதவில் ஒன்று வையுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் முதலில் 911. பிறகு, சிகிச்சை தொடங்கும் முன்போ 24 மணி நேரத்துக்குள்ளோ உதவி மையத்தை அழைக்க வேண்டும் என்று பல பாலிசிகள் கேட்கின்றன. தாமதித்தால் தரும் தொகையைக் குறைத்துவிடுவார்கள். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அந்த எண்ணை அழைக்கப்போவது யார் என்பதை அம்மா வரும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.