காதில் விதை, கையில் லைட்டர்: சிகரட்டை விடும்போது செய்யும் பிழைகள்

ஹட்டன் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. இரண்டு காதிலும் தோல்நிறப் பிளாஸ்டர் ஒட்டிய ஒருவர் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டருக்குள் கடுகளவு விதை. ஆசை வரும்போதெல்லாம் அதை அழுத்தச் சொல்லி அக்குபங்சர் வைத்தியர் ஒட்டிவிட்டது. ஒரு கையால் காதை அழுத்திக்கொண்டே, மறுகையால் கடை வாசலில் கயிற்றில் தொங்கிய லைட்டரை இழுத்தார். அந்த ஆள் நான்தான்.

ஊசி போட்டால் சிகரட் தானாகவே போய்விடும் என்று நம்பியதுதான் என் பெரிய பிழை. போதைப் பழக்கத்தை விடக் காதில் ஊசி போடும் முறைக்கு வயது அதிகமில்லை. 1970களின் தொடக்கத்தில் ஹொங்கொங்கில் வென் என்ற நரம்பியல் அறுவை வைத்தியர், அபின் பழக்கமுள்ள நோயாளிகளுக்கு ஊசி வழியே மின்னோட்டம் கொடுத்தபோது அவர்களின் தவிப்பு குறைந்ததைக் கவனித்தார். அங்கிருந்துதான் இது பரவியது. புகைத்தலை விடுவதற்கு இது உதவுமா என்று 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பு) மீளாய்வு, குறுகிய காலத்துக்கு ஏதோ பலன் இருக்கலாம், ஆறு மாதம் தாண்டி நிலைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றது. அரை மணி நேரம் அமைதியாகப் படுத்திருப்பதும், ஒருவர் நம்மை அக்கறையாக விசாரிப்பதும் நல்லதுதான். அதற்காக நிகோடின் சூயிங்கம், ஒட்டுப்பட்டை, மாத்திரை பற்றி வைத்தியரிடம் கேட்காமல் விடக்கூடாது. அவற்றுக்குத்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது. 1948 என்ற இலவச ஆலோசனை இலக்கமும் இருக்கிறது.

ஊசிக்குப் போவதானால், உறை பிரிக்காத புது ஊசியை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காதில் ஒட்டியதை மழையில் நனைந்தபடி வாரக்கணக்கில் வைத்திருந்தால் புண்ணாகும். காதுக் குருத்தெலும்பில் கிருமி ஏறினால் லேசில் ஆறாது.

இனி, நம்ம மலைநாட்டுக்கே உரிய சங்கதி: தேத்தண்ணி. சிகரட்டை விட்ட மூன்றாம் நாள் எனக்குக் கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது, இரவில் தூக்கமே இல்லை. சிகரட் இல்லாததால்தான் இப்படி என்று நினைத்து ஒன்றைப் பற்ற வைத்தேன். பாதிக் காரணம் பிளேன்டி என்று பிறகுதான் தெரிந்தது. புகையிலுள்ள தார்ப் பொருட்கள் ஈரலை முடுக்கிவிட்டு, தேயிலையின் கஃபீனைச் சீக்கிரம் கரைத்துவிடும். புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்துவிடும். அதே ஏழெட்டுக் கோப்பை குடித்தாலும் இரத்தத்தில் கஃபீன் முன்னைவிட அதிகமாகத் தங்கும். இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அடுத்த முறை பிளேன்டியைப் பாதியாகக் குறைத்து, மீதிக்குக் கொத்தமல்லி இஞ்சி அவித்துக் குடித்தேன். அந்தக் கடைக்கும் ஒரு மாதம் போகவில்லை. பழக்கம் பாதி அந்த வாங்கில்தானே உட்கார்ந்திருக்கிறது?

இதே காரணத்தால் தியோபிலின் போன்ற சில மருந்துகளின் அளவும் மாற வேண்டி வரலாம். வீசிங்குக்கு மருந்து எடுப்பவர்கள், சிகரட்டை நிறுத்துவதை வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.

"குளிருக்கு ஒண்ணு" என்பது இன்னொன்று. நானுஓயாப் பக்கம் விடிகாலைப் பனியில் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆட்கணக்கெடுப்புக்கு, நிற்கும்போது பீடி சூடாகத்தான் தெரியும். உண்மையில் நிகோடின் விரல்களுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. கை இன்னும் சில்லிட்டுத்தான் போகும். ஒரு ஸ்வெட்டர் செய்யும் வேலையைக்கூட பீடி செய்யாது.

அப்புறம் வெற்றிலை. சிகரட்டை விட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே, புகையிலை வைத்து ஒரு கூறு மடித்து வாயில் அதக்கிக்கொள்பவர்கள் எங்கள் லயத்திலேயே (தோட்டத்து வரிசை வீடுகளிலேயே) உண்டு. புகை போனது, நிகோடின் போகவில்லை. புகையிலையை எடுத்துவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும். இலங்கை ஆண்களிடம் முன்னணியில் நிற்பது வாய்ப் புற்றுநோய்தான். வாய்க்கு ஏதாவது வேண்டுமென்றால் ஏலக்காயோ கராம்போ போதும்.

நிறுத்தும் நாளைச் சம்பள நாளுக்கோ தீபாவளி முற்பணம் கிடைக்கும் வாரத்துக்கோ வைக்காதீர்கள். கையில் காசு, பக்கத்தில் கூட்டாளிகள், போத்தலும் திறந்திருக்கும். முதல் மூன்று நாள்தான் கடுமை. இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒவ்வொரு ஆசையும் சில நிமிடங்களில் தணிந்துவிடும்; லயத்துப் பீலிக்கு (தண்ணீர்க் குழாயடிக்கு) போய் முகம் கழுவி வரும் நேரம்தான்.

சில கிலோ எடை கூடும்; அதற்குப் பயந்து திரும்பவும் பற்ற வைக்க வேண்டியதில்லை. நிறுத்திய பிறகு இருமல் கூடினால் "விட்டதால்தான் வருத்தம் வந்தது" என்று பாட்டிமார் சொல்வார்கள். நுரையீரல் தன்னைத் துப்புரவாக்கும்போது சில வாரம் அப்படி இருக்கும். சளியில் இரத்தம் கண்டாலோ, மூன்று வாரம் தாண்டியும் இருமினாலோ ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைக் காட்டுங்கள்.

நான் மூன்று தடவை விழுந்தேன். நாலாவது தடவை காதில் ஒன்றும் ஒட்டவில்லை; சட்டைப் பையில் கராம்பு மட்டும்தான் இருந்தது.