ஆய்வு ஒழுக்கநெறி அனுமதி: மாணவர்களும் மேற்பார்வையாளர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"தரவெல்லாம் சேகரித்தாயிற்று, இனி ஒழுக்கநெறிக் குழுவின் கடிதம் ஒன்றுதான் பாக்கி" என்று சொல்லும் இறுதியாண்டு மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தோடு அவர்கள் அப்படிச் செய்வதில்லை. அனுமதி என்பது ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்க்க வேண்டிய ஒரு தாள் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஆனால் முறையாக இயங்கும் எந்தக் குழுவும் நடந்து முடிந்த ஆய்வுக்கு அனுமதி தராது. ஒருவரின் கையில் ஊசி ஏறுவதற்கு முன்பு, ஒரு தாயிடம் அவள் இழந்த பிள்ளையைப் பற்றிக் கேட்பதற்கு முன்பு, இது தேவைதானா, இதனால் அவருக்கு என்ன நேரும் என்று ஆய்வோடு தொடர்பில்லாத சிலர் உட்கார்ந்து யோசிப்பதுதான் குழுவின் வேலை. கேட்டு முடித்த பிறகு யோசித்து என்ன பயன்? சஞ்சிகைகளும் அனுமதி இலக்கத்தைக் கேட்கின்றன. அனுமதித் திகதி தரவு சேகரித்த திகதிக்குப் பிந்தியதாக இருந்தால், நல்ல கட்டுரையும் திரும்பி வந்துவிடும்.

முன்னோடி ஆய்வுக்கு அனுமதி தேவையில்லை என்ற நம்பிக்கையும் இப்படிப்பட்டதே. வினாக்கொத்தைச் சரிபார்க்கப் பத்துப் பேரிடம் மட்டும் கொடுத்தாலும், அந்தப் பத்துப் பேருக்கும் ஏனையவர்களுக்குரிய அதே பாதுகாப்பு வேண்டும். விண்ணப்பத்திலேயே முன்னோடி ஆய்வையும் சேர்த்து எழுதிவிட்டால் சிக்கல் இல்லை.

இந்த விடயத்தில் மாணவரைவிட மேற்பார்வையாளரையே நான் குறை சொல்வேன். குழு நினைத்த நாளில் கூடுவதில்லை. விண்ணப்பம் போய், கேள்விகளோடு திரும்பி வந்து, திருத்தப்பட்டு மீண்டும் போவதற்கு வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். தலைப்பு முடிவாகும் நாளிலேயே அந்தக் காலத்தை ஒதுக்கிவைக்காமல், கடைசியில் "எப்படியாவது முடித்துவிடு" என்று சொல்வது மாணவரைத் தவறுக்குள் தள்ளுவதாகும்.

அடுத்தது, கடிதங்களைக் குழப்பிக்கொள்வது. வலயக் கல்விப் பணிப்பாளர் பாடசாலைக்குள் போக அனுமதித்திருப்பார். சுகாதார வைத்திய அதிகாரி கிளினிக்கில் நிற்க இடம் தந்திருப்பார். பிரதேச செயலாளரின் கடிதமும் கையில் இருக்கும். இவை அனைத்தும் வாசலைத் திறக்கும் அனுமதிகள். உள்ளே இருப்பவரிடம் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்பதை அவை தீர்மானிப்பதில்லை. குழுவின் அனுமதிக்கும் இதேபோல் ஓர் எல்லை உண்டு. அதைக் காட்டி எந்த அதிபரையும் வகுப்பறையைத் திறக்கும்படி வற்புறுத்த முடியாது. இரண்டும் வேண்டும். இரண்டும் இருந்தாலும், வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை "எனக்கு விருப்பமில்லை" என்று சொன்னால் அதோடு நிறுத்த வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் இசைவையும் கேட்பது இதற்காகவே.

இந்தக் குழுக்கள் ஏன் வந்தன என்பதைச் சொல்லாமல் விதிகளை மட்டும் சொல்வதால்தான் பலருக்கு இவை வெறும் தொல்லையாகத் தெரிகின்றன. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கீகி என்ற இடத்தில், 1932 முதல் 1972 வரை சிபிலிஸ் நோயுள்ள சுமார் 400 கறுப்பின ஆண்களை அரச சுகாதாரத் துறை வெறுமனே அவதானித்துக்கொண்டிருந்தது. 1940களின் பிற்பகுதியில் பென்சிலின் அந்நோய்க்கு உரிய மருந்தாகிவிட்டது. ஆயினும் அவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை, நோயின் பெயரையும் சொல்லவில்லை. செய்தவர்கள் படித்த மருத்துவர்கள். மனிதர்களிடம் செய்யும் மருத்துவ ஆய்வுக்கான ஒழுக்கநெறிகளைச் சொல்லும், உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964இல் வந்த பின்னரும் எட்டு ஆண்டுகள் இந்த ஆய்வு தொடர்ந்தது. ஆய்வாளரின் நல்ல மனத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது என்பதை உலகம் இப்படித்தான் கற்றுக்கொண்டது.

இலங்கையின் கிழக்கிலுள்ள நமது கரையோரத்துக்கும் ஒரு தனி அனுபவம் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலையில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மட்டக்களப்பில் நாவலடியும் கல்லடியும் கண்ட அழிவு இன்றும் பேசப்படுகிறது. அதன் பின்னர் நிறுவனங்களும் ஆய்வாளர்களும் படிவங்களோடு மாறி மாறி வந்தார்கள். அவற்றில் சில நிவாரணத்துக்கு, சில வீட்டுத்திட்டத்துக்கு, சில யாருடைய பட்டத்துக்கோ. வாசலில் நின்றவர்களுக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. அதனால்தான் இன்றும் ஒரு மாணவர் வினாக்கொத்தோடு போனால், "இது எதற்குப் பதிவு மகன்?" என்று கேட்கிறார்கள். கிராம உத்தியோகத்தர் கூடப் போயிருந்தால் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கான பட்டியல் என்றே நினைப்பார்கள். அப்படி நினைத்துக்கொண்டு போடும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது. "இதனால் உங்களுக்கு உதவி எதுவும் கிடைக்காது, நான் படிப்புக்காகக் கேட்கிறேன்" என்பதை முதல் வாக்கியமாகவே சொல்ல வேண்டும். சொன்னால் சிலர் எழுந்து போவார்கள். போகட்டும், அது அவர்களுடைய உரிமை.

சம்மதப் படிவத்தில்தான் நான் அதிகம் மன்றாட விரும்புகிறேன். பெரும்பாலான படிவங்கள் முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, கடைசி இரவில் தமிழாக்கப்படுகின்றன. "இவ்வாய்வில் பங்குபற்றுவதனால் ஏற்படக்கூடிய அனுகூலங்களும் பிரதிகூலங்களும் எனக்குத் தெளிவாக விளக்கப்பட்டுள்ளன" என்ற வாக்கியம் அவற்றில் தவறாமல் இருக்கும். வாகரையிலோ வெல்லாவெளியிலோ இருக்கும் ஒரு தாய் இதை வாசித்து எதை அறிந்துகொள்வார்? அவருக்குத் தேவையானது இப்படி ஒன்று: "உங்கள் கையிலிருந்து ஒரு தேக்கரண்டி அளவு இரத்தம் எடுப்போம். ஊசி குத்தும்போது வலிக்கும், சிலருக்கு அந்த இடம் கன்றிப்போகலாம். வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள். கிளினிக்கில் உங்களுக்குக் கிடைக்கும் மருந்தோ கவனிப்போ அதனால் குறையாது." எழுதியதை ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவரிடம் உரத்து வாசித்துக் காட்டி, விளங்கியதைத் திருப்பிச் சொல்லக் கேட்டுப் பாருங்கள். குழுவில் துறை சாராத பொதுமக்கள் பிரதிநிதி ஒருவர் இருப்பதும் இந்தக் கண்ணோடு வாசிப்பதற்குத்தான். எழுத வாசிக்கத் தெரியாதவரிடம் பெருவிரல் அடையாளம் மட்டும் வாங்கினால் போதாது. ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் முன்னிலையில் முழுவதும் வாசிக்கப்பட வேண்டும்.

கேட்பவர் யார் என்பதும் பெரிய விடயம். பிள்ளைப்பேற்றுக்குத் தன்னைப் பார்த்த குடும்பநல உத்தியோகத்தர் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பெண் "மாட்டேன்" என்பார்? தனக்குப் புள்ளியிடும் விரிவுரையாளர் வகுப்பிலேயே வினாக்கொத்தை நீட்டினால் எந்த மாணவர் மறுப்பார்? இப்படிப்பட்ட இடங்களில் ஒப்புதல் கேட்கும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுக்க வேண்டும். கணவரிடமோ ஊர்த் தலைவரிடமோ பள்ளிவாசல் நிர்வாகத்திடமோ முன்கூட்டிப் பேசுவது மரியாதை. ஆனால் அவர்கள் சரி என்றதால் அந்தப் பெண்ணும் சரி என்றதாகிவிடாது.

இரகசியம் பேணுவதில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் கவனக்குறைவால் வருபவை. "பெயரை நீக்கிவிட்டோம்" என்று எழுதுவார்கள். ஆய்வேட்டில், படுவான்கரையிலுள்ள இன்ன கிராமத்தில், 43 வயது, கணவனை இழந்த, தையல் கடை நடத்தும் பெண் என்று இருக்கும். அந்த ஊரில் அப்படி ஒருவர்தான் இருப்பார். பெயர் இல்லாமலேயே ஊர் முழுவதும் அவரை அறிந்துகொள்ளும். ஊரின் பெயரை விடுங்கள், வயதை 40 முதல் 45 வரை என்பதுபோல வீச்சாகச் சொல்லுங்கள், கதைக்குத் தேவையற்ற தொழிலை மாற்றாமல் பொதுவாக்குங்கள். நிரப்பிய வினாக்கொத்துகளைப் பிரதியெடுக்கும் கடையில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போவதும், குரல் பதிவுகளை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு எழுத்தாக்கச் சொல்வதும், கடையின் கணினியில் பென் டிரைவைச் செருகிவிட்டு மறப்பதும் இன்னும் நடக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம், இனம், மதம், அரசியல் கருத்து, பிள்ளைகள் ஆகியவை தொடர்பான விபரங்களைச் சிறப்பு வகைத் தரவுகளாக வகுத்திருக்கிறது. நமது மாவட்டங்களில் நடக்கும் சமூக ஆய்வுகளில் இவற்றுள் ஏதாவது ஒன்று இல்லாத ஆய்வைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் "பங்குபற்றுநருக்குப் பாதிப்பு எதுவும் இல்லை" என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். இரத்தம் எடுக்காவிட்டால் பாதிப்பில்லை என்று எண்ணுவது தவறு. நுண்நிதிக் கடன், காணாமல் ஆக்கப்பட்ட மகன், வீட்டு வன்முறை ஆகியவற்றைப் பற்றிக் கேட்கும் கேள்வி ஒருவரின் பல நாள் உறக்கத்தைக் கெடுக்கும். கடன் பற்றிய நேர்காணலை முற்றத்தில் வைத்து நடத்தினால் அயலவர் முன்னால் அவரின் மானம் போகும். நேர்காணல் நடுவே ஒருவர் உடைந்து அழுதால் என்ன செய்வீர்கள்? உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதாகச் சொன்னால் யாரிடம் அழைத்துப் போவீர்கள்? எந்த வைத்தியசாலையின் உளநலப் பிரிவோடு முன்கூட்டிப் பேசியிருக்கிறீர்கள்? இவற்றுக்குப் பதில் இல்லாத விண்ணப்பத்தைக் குழு திருப்பி அனுப்பினால் அது நியாயமே. இரகசியம் பேணுவேன் என்ற வாக்கு எந்த இடத்தில் மீறப்படும் என்பதையும் சம்மதப் படிவத்தில் முன்னரே சொல்லிவைக்க வேண்டும்.

ஆய்வுகூடப் பாதுகாப்பைப் பலர் ஒழுக்கநெறியிலிருந்து பிரித்துப் பார்க்கிறார்கள். ஆபத்துக்குள் நிற்கும் மாணவரும் மனிதர்தானே. 2008 டிசம்பரில், லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், காற்றுப் பட்டவுடன் தீப்பற்றும் ஓர் இரசாயனத்தை ஊசிக்குழாயால் மாற்றிக்கொண்டிருந்த 23 வயது ஆய்வு உதவியாளரின் மேலாடை தீப்பிடித்தது. செயற்கை இழையால் ஆன சுவெற்றர். அதன் மேல் ஆய்வுகூட அங்கி இல்லை. 18 நாட்களின் பின் அவர் இறந்தார். பேராசிரியர் மீதும் பல்கலைக்கழக நிர்வாகத்தின் மீதும் தொழிற் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றவியல் வழக்குத் தொடுக்கப்பட்டது. அங்கி அணியாதது யாருடைய தவறு என்று கேட்டால், அணியாமல் உள்ளே நிற்க விட்டவருடையது என்பதுதான் என் பதில். அமிலத்தைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைப்பது, பெயர்ச் சீட்டு இல்லாத குப்பி, விடுமுறை நாளில் தனியாக வேலை செய்வது, பயன்படுத்திய ஊசியைச் சாதாரணக் குப்பையில் போடுவது ஆகியவற்றைத் தடுக்கப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை.

வாவியிலும் காட்டிலும் வேலை செய்பவர்களுக்கு வேறு அனுமதிகள் இருக்கின்றன. கல்லோயா, லாகுகலை, குமண போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் ஆய்வு செய்ய வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் அதற்குத் தனி அனுமதியும் எழுத்து மூல உடன்பாடும் வேண்டும். வெளிநாட்டுப் பங்காளி "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்வதை நம்பிப் பொதியை அனுப்பிவிடக் கூடாது. மருந்துப் பரிசோதனை என்றால், முதல் பங்குபற்றுநரைச் சேர்க்கும் முன்பே இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு போன்ற ஒன்றில் பதிய வேண்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும்.

கடிதம் கைக்கு வந்ததும் குழுவை மறந்துவிடுவது கடைசித் தவறு. அனுமதி, நீங்கள் எழுதிக் கொடுத்த திட்டத்துக்கு மட்டுமே, அதுவும் குறித்த காலத்துக்கே. வினாக்கொத்தில் இரண்டு கேள்விகளைக் கூட்டினாலும், நேரில் கேட்க இருந்ததை இணையப் படிவமாக மாற்றினாலும், களுவாஞ்சிகுடி வைத்தியசாலையைப் புதிதாகச் சேர்த்தாலும், திருத்தத்துக்கு மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். பங்குபற்றுநருக்குத் தீங்கு நேர்ந்தால் உடனே அறிவிக்க வேண்டும். காலம் முடியப் போகிறது என்றால் முடியும் முன்பே நீடிப்புக் கேட்க வேண்டும். முடிவறிக்கையும் கொடுக்க வேண்டும். குழுக்களின் பக்கமும் குறை உண்டு. கடிதம் கொடுத்த பிறகு களத்தில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் வேரூன்றவில்லை. குழு உறுப்பினர்கள் சம்பள வேலைக்கு நடுவே இதைச் செய்பவர்கள் என்பதைப் பல்கலைக்கழக நிர்வாகம் உணர்ந்து, எழுதுவினைஞர் ஒருவரையும் பயணச் செலவையும் ஒதுக்கினால் அது மாறும்.

முடிவுகளை மக்களிடம் திருப்பிக் கொண்டுபோவதை எந்தப் படிவமும் கட்டாயம் என்று சொல்லாவிட்டாலும் அதைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். ஒரு பக்கம் தமிழில் போதும்: என்ன கேட்டோம், என்ன தெரியவந்தது, யாரிடம் அறிவித்திருக்கிறோம். அதைக் கிளினிக்கின் அறிவித்தல் பலகையில் ஒட்டலாம், மாதர் சங்கக் கூட்டத்தில் வாசிக்கலாம். அந்த ஒரு நாளுக்கான பஸ் செலவையும் அச்சுச் செலவையும் முன்மொழிவின் வரவுசெலவிலேயே தனி வரியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.