டோக்கன் புக் வச்சு ஆத்துல மீன் பிடிக்கிறது எப்படி (இங்கிலாந்து, வேல்ஸ்)

இங்க ஆத்துல ட்ரவுட் (குளிர்ந்த தண்ணியில வாழுற ஒரு நன்னீர் மீன்) பிடிக்கணும்னா ஏதாவது கிளப்ல மெம்பரா இருக்கணும், இல்லன்னா கையில நல்லா காசு இருக்கணும்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. டோக்கன் ஸ்கீம்னு ஒண்ணு இருக்கு, டோக்கன்னா மீன் பிடிக்க காசு கொடுத்து வாங்குற சீட்டு, புக்கா வரும். டெவன், கார்ன்வால் பக்கம் வெஸ்ட்கன்ட்ரி ரிவர்ஸ் ட்ரஸ்ட் நடத்துறாங்க, வேல்ஸ், ஹியர்ஃபர்ட்ஷயர் பக்கம் வை அண்ட் அஸ்க் ஃபவுண்டேஷன். டோக்கனை முன்னாடியே வாங்கி வச்சுக்கிட்டா போதும், தோணுற அன்னிக்கு கிளம்பிடலாம்.

அதுக்கு முன்னாடி ராட் லைசென்ஸ், அதாவது தூண்டில் போட அரசாங்கம் தர்ற அனுமதி. டோக்கன் வேற, லைசென்ஸ் வேற, ரெண்டும் வேணும். 13 வயசானா லைசென்ஸ் கட்டாயம், 16 வயசு வரைக்கும் காசு இல்ல, ஆனா எடுத்துத்தான் ஆகணும். ஒரு நாள், 8 நாள், 12 மாசம்னு அரசாங்க வெப்சைட்லயே கிடைக்கும். இல்லாம மாட்டினா ஃபைன் 2,500 பவுண்ட் வரைக்கும் போகும், அப்புறம் என்னைத் திட்டாதீங்க.

அடுத்து எந்த இடம்னு பாக்கணும். ஆத்துல நமக்குன்னு விடுற ஒவ்வொரு துண்டையும் பீட்னு சொல்வாங்க, ஒவ்வொரு பீட்டுக்கும் எத்தனை டோக்கன், கார் எங்க நிறுத்தணும், எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது, ஒரு நாளைக்கு எத்தனை பேர் பிடிக்கலாம்னு எல்லாம் டோக்கன் ஸ்கீம் நடத்துறவங்க வெப்சைட்ல போட்டிருப்பாங்க. முதல் நாள் ராத்திரியே இதைப் படிச்சுட்டு மேப்பை போன்ல சேவ் பண்ணி வச்சுக்கோங்க, ஏன்னா அந்தப் பள்ளத்தாக்குல நிறைய இடத்துல சிக்னலே வராது, வயல் வாசல்ல நின்னு தடவிக்கிட்டு இருக்கணும். இன்னொண்ணு, பக்கத்துலயே ரெண்டாவது பீட் ஒண்ணை பார்த்து வைங்க, போனா அங்க ஏற்கனவே ஆள் நிரம்பியிருக்கலாம். டோக்கன் பீட்டுக்கு பெரும்பாலும் புக்கிங் கிடையாது, முன்னாடி போறவங்களுக்குத்தான். தனியா புக் பண்ணி காசு கட்டுற பீட்டும் அதே வெப்சைட்ல இருக்கும், ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

அங்க போனதும் கேட் பக்கமோ கார் நிறுத்துற இடத்துலயோ ஒரு பெட்டி இருக்கும். தூண்டிலைப் போடுறதுக்கு முன்னாடி டோக்கனை நிரப்பி அதுல போடணும், முடிச்சுட்டு வரும்போது என்ன பிடிச்சீங்கன்னு எழுதி கொடுக்கணும். டோக்கன் ரெண்டு பாதியா இருக்கும், எந்தப் பாதியை எப்ப போடணும்னு டோக்கன் புக்லயே இருக்கும். ஒண்ணுமே மாட்டலன்னாலும் சைபர்னு எழுதுங்க ப்ளீஸ், நிறைய பேர் வெக்கப்பட்டு விட்டுடறாங்க. பெட்டியில விழுற டோக்கனுக்குத்தான் அந்த நிலத்துக்காரருக்கு காசு போகுது, ஆத்தங்கரையை மாடு மிதிக்காம வேலி போட்டு வச்சுக்கிட்டா தனக்கும் லாபம்னு அவர் நினைக்கிறது இதனாலதான். அதனால ஆள் யாரும் பாக்கலையேன்னு டோக்கன் போடாம பிடிக்கிறவங்களைப் பார்த்தா எனக்கு சுள்ளுன்னு கோவம் வரும்.

சீசன் டெவன், கார்ன்வால் பக்கம் மார்ச் 15லருந்து செப்டம்பர் 30, வை ஆத்துப் பக்கம் மார்ச் 3லயே ஆரம்பிச்சுடும். மீன் சின்னதுதான், எட்டு இஞ்ச் இருந்தாலே சந்தோஷப்படலாம், எல்லாம் காட்டு ட்ரவுட், வளர்த்து விட்டது இல்ல. மேல மரம் கவிஞ்சிருக்கும், அதனால ஏழு அடி ராட் போதும், நீளமா கொண்டு போனா கிளையிலதான் மாட்டும். பல பீட்ல ஃப்ளை (இறகு, நூல் கட்டி பூச்சி மாதிரி செஞ்ச தூண்டில் முள்) மட்டும்தான், முள்ளுல பார்ப் (மீன் கழண்டு போகாம தடுக்குற பின்பக்கக் கூர்) இருக்கக் கூடாது, மீனை திருப்பி விட்டுடணும்.

கேட் திறந்திருந்தா திறந்தே விடுங்க, மூடியிருந்தா மூடிட்டுப் போங்க. கன்னுக்குட்டியோட மாடு நின்னா சுத்திப் போங்க. நாய் கூட்டிட்டுப் போகலாமான்னு புக்ல பாருங்க, நிறைய இடத்துல விடமாட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் வேடர் (தண்ணிக்குள்ள இறங்கப் போடுற நீர் புகாத உடுப்பு), பூட்ஸ், வலை எல்லாத்தையும் கழுவி நல்லா காய வைங்க, ஒரு ஆத்துல இருக்குற நோயும் வேண்டாத செடியும் அடுத்த ஆத்துக்குப் போறது ஈரமான பொருள்லதான். மிச்ச டோக்கன் இருந்தா எக்ஸ்பயரி தேதி போட்டிருக்கான்னு பார்த்துட்டு எடுத்து வைங்க.