கார் தானாகப் பாய்ந்தால் என்ன செய்வது? சிங்கப்பூரில் புதிதாகக் கார் வாங்கியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

தேக்கா பக்கம் ஒரு காப்பிக்கடையில் நான்கு கார் உரிமையாளர்கள் சேர்ந்து உட்கார்ந்தால், வாகன உரிமைச் சான்றிதழின் விலையைப் பேசி ஓய்ந்த பிறகு, பெரும்பாலும் இந்த வழக்கு எழும்: அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சுவரில் மோதிய கார் தானாகப் பாய்ந்ததா, ஓட்டியவரின் கால் தவறியதா? "எல்லாம் கம்ப்யூட்டர் ஆன பிறகு எதை நம்புவது?" என்பார் ஒருவர். "அண்ணே, பிரேக் என்று நினைத்து எக்சலரேட்டரை மிதித்திருப்பார்" என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் சான்றுகள் உண்டு. ஆனால் கார் பாயும் அந்தச் சில விநாடிகளில், காரணம் காரா காலா என்று ஓட்டுநருக்கே தெரியாது. ஆகவே எந்தக் காரணமாக இருந்தாலும் பயன்படும் ஒரே பழக்கத்தைக் கைக்கும் காலுக்கும் ஏற்றிக்கொள்வதுதான் முதல் வேலை என்று கருதி இதை எழுதுகிறேன்.

செய்முறைக்குப் போகுமுன் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 2009 ஆகஸ்ட் மாதம், கலிஃபோர்னியாவில் சான் டியாகோவுக்கு அருகே, விற்பனை நிலையம் இரவலாகக் கொடுத்த லெக்சஸ் கார் ஒன்று கட்டுப்பாடின்றி ஓடி விபத்துக்குள்ளானதில் நால்வர் இறந்தனர். ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி. வண்டி ஓட்டுவதில் பயிற்சி பெற்றவர். காரின் தரையில் விரிக்கும், வேறொரு மாடலுக்குரிய ரப்பர் மிதியடி எக்சலரேட்டரைக் கவ்விப் பிடித்திருந்தது. சில நாள்களுக்கு முன் அதே காரை இரவல் வாங்கிய மற்றொரு வாடிக்கையாளருக்கும் இதே நிலை ஏற்பட்டது. அவர் கியரை நியூட்ரலுக்கு மாற்றி, ஓரங்கட்டி, மிதியடியைப் பெடலிலிருந்து விடுவித்துத் தப்பினார். அதே கார், அதே மிதியடி.

முதல் படி: ஓட்டுநர் பக்கத் தரையைப் பாருங்கள்

காரை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, கதவைத் திறந்து குனிந்து பாருங்கள். மிதியடிக்கு மேல் மிதியடி இருந்தால் மேலே இருப்பதை இன்றே எடுத்துவிடுங்கள். மழை ஈரத்துக்குப் பயந்து, காரோடு வந்த துணி மிதியடியின் மேலேயே தடித்த ரப்பர் மிதியடியை விரிக்கும் வழக்கம் இங்கே பரவலாக உண்டு. நானும் அப்படித்தான் இரண்டு ஆண்டுகள் ஓட்டினேன். தரையிலுள்ள கொக்கிகளில் மாட்டாத மிதியடி, பிரேக் போடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து பெடலுக்கு அடியில் மடிந்து நிற்கும். எக்சலரேட்டரைக் கையால் அடிவரை அழுத்தி விடுங்கள்: அது எதிலும் உரசாமல் உடனே மேலே வர வேண்டும். தயங்கி வந்தாலோ பாதியில் நின்றாலோ அந்தக் காரை ஓட்டாமல் பட்டறைக்குத் தெரிவியுங்கள். இருக்கைக்கு அடியில் தண்ணீர்ப் போத்தல் உருளக்கூடாது. குதிகாலைப் பிடிக்காத சிலிப்பரை அணிந்து ஓட்டுவதையும் விட்டுவிடுங்கள். நம் ஊர்ச் சூட்டுக்கு அது சுகம்தான், ஆனால் பெடலின் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும்.

இரண்டாம் படி: கால் தவறும் விதத்தை அறிந்துகொள்ளுங்கள்

இதைப் படித்ததும் சிலருக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். 2024 ஜூலை 1 அன்று சோல் நகரில், நகர மண்டபத்துக்கு அருகே ஒரு கார் நடைபாதையில் ஏறி ஒன்பது பேர் இறந்தபோது, ஓட்டுநர் கார் தானாகப் பாய்ந்தது என்றே கூறினார். தடயவியல் ஆய்வில் அவருடைய காலணியின் அடிப்பாகத்தில் எக்சலரேட்டர் பெடலின் தடம் பதிந்திருந்தது தெரியவந்தது. 2019 ஏப்ரலில் தோக்கியோவின் இகெபுகுரோவில் ஒரு தாயும் சிறுமியும் இறந்த விபத்திலும் இதே வாதம் எழுந்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. பிரேக்கில்தான் கால் இருக்கிறது என்று மூளை நம்பிவிட்டால், கார் வேகமெடுக்க வேகமெடுக்க இன்னும் பலமாக அதே பெடலை மிதிக்கச் சொல்லும். பிறகு நினைவும் அப்படியே பதிந்துவிடும்.

இந்தத் தவறு பெரும்பாலும் நேர்வது மெதுவாக நகரும்போது: பின்னோக்கிச் செல்ல உடம்பைத் திருப்பும்போது இடுப்போடு காலும் நகர்கிறது, நுழைவாயிலில் அட்டையை எட்டும்போது பாதம் வழுக்குகிறது. குதிகாலை பிரேக்குக்கு நேரே ஊன்றி, எக்சலரேட்டருக்குப் பாதத்தின் முன்பகுதியை மட்டும் திருப்பிப் பழகுங்கள்.

பழுதும் அல்லாத, கால் தவறும் அல்லாத மூன்றாவது வகை ஒன்று உண்டு. தீவு விரைவுச்சாலையில் முன்னால் போகும் வண்டிக்கேற்ப வேகத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வேகக் கட்டுப்பாட்டை 90 கிலோமீட்டருக்குப் பொருத்திவிட்டு, முன்னால் போகும் லாரிக்குப் பின்னால் 60இல் வந்துகொண்டிருக்கிறீர்கள். வெளியேறும் தடத்துக்குத் திரும்பியதும் முன்னால் லாரி இல்லை, கார் கடமை தவறாமல் 90ஐ நோக்கிப் பாய்கிறது. புதிய ஓட்டுநர்கள் இதைப் பழுது என்று எண்ணுவதுண்டு. வெளியேறுமுன் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: நிறுத்தும் வரிசையைப் பழகுங்கள்

இந்தப் படியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். கார் நீங்கள் கேட்காமல் வேகமெடுத்தால், முதலில் வலப்பாதத்தை எல்லாப் பெடல்களிலிருந்தும் ஒரு கணம் முழுவதுமாகத் தூக்குங்கள். இயந்திரத்தின் சத்தம் தணிந்துவிட்டால் தவறு காலில்தான். நாணப்பட அப்போது நேரமில்லை, இடப்பக்கம் உள்ள அகலமான பெடலை மிதியுங்கள்.

சத்தம் தணியவில்லை என்றால், பிரேக்கை ஒரே மிதியில் பலமாக மிதித்து அப்படியே அழுத்திப் பிடியுங்கள். விட்டு விட்டு மிதிக்கக்கூடாது. பெட்ரோல் கார்களில் பிரேக்குக்குத் துணை செய்யும் கருவி இயந்திரம் உண்டாக்கும் வெற்றிடத்தால் இயங்குவது. எக்சலரேட்டர் முழுதாகத் திறந்திருக்கும்போது அந்த வெற்றிடம் மீண்டும் நிரம்பாது, ஆகவே இரண்டு மூன்று முறை மிதித்து விட்டாலே துணை தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். பிரேக்கையும் எக்சலரேட்டரையும் சேர்த்து மிதித்தால் பிரேக்குக்கு முன்னுரிமை தந்து இயந்திரத்தின் விசையைக் குறைக்கும் வசதி இப்போதைய பெரும்பாலான கார்களில் இருக்கிறது.

பிரேக்கில் கால் இருக்கும்போதே கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். இயந்திரம் அலறும், அலறட்டும், சுழற்சிக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள், அது வெடித்துவிடாது. கலப்பின (ஹைப்ரிட்) கார்கள் சிலவற்றில் கியர் பிடியை நியூட்ரல் பக்கம் தள்ளிச் சற்று நேரம் பிடித்திருந்தால்தான் ஏற்கும். மின்சார கார்கள் பலவற்றில் அது ஸ்டியரிங் அருகே ஒரு சிறு நெம்புகோலாக இருக்கும். அதை வீட்டிலேயே கண்டுபிடித்து வையுங்கள். நியூட்ரல் கிடைக்காவிட்டால் மட்டும், ஸ்டார்ட் பொத்தானை ஒருமுறை தட்டாமல், சில விநாடிகள் தொடர்ந்து அழுத்திப் பிடித்து அணையுங்கள். அப்போது ஸ்டியரிங் கனக்கும். கார் நின்ற பிறகே சாவியைப் பூட்டும் நிலைக்குத் திருப்ப வேண்டும்.

கூட்டமில்லாத ஞாயிறு காலையில், ஏதேனும் ஒரு கார் நிறுத்துமிடத்தின் காலியான மேல்தளத்தில், நின்ற காரில் இயந்திரத்தை இயக்கி, பிரேக்கை மிதித்தபடியே நியூட்ரலுக்கு மாற்றும் அசைவை இருபது முறை செய்து பாருங்கள். கண் கியர் பக்கம் போகாமல் கை அதைக் கண்டடைய வேண்டும்.

நான்காம் படி: உங்கள் காருக்கு ரீகால் உண்டா?

2009, 2010ஆம் ஆண்டுகளில் டொயோட்டா பல லட்சம் கார்களைப் பழுதுநீக்கத் திரும்ப அழைத்ததற்கு (இதைத்தான் ரீகால் என்கிறோம்) மிதியடி ஒரு காரணம். இன்னொரு காரணம், தேய்மானத்தால் எக்சலரேட்டர் பெடலே மெதுவாகத் திரும்பியது. அந்தப் பழுது ஓர் அமெரிக்க நிறுவனம் தயாரித்த பெடல்களில் இருந்தது. ஜப்பானின் டென்சோ தயாரித்த பெடல்களில் இல்லை. பெயரும் தோற்றமும் ஒன்றாக இருந்தும், எந்த ஆலையில் எந்தப் பாகம் பொருத்தப்பட்டது என்பதுதான் தீர்மானித்தது. எனவே "என் நண்பரும் இதே கார்தான், அவருக்குக் கடிதம் வரவில்லை" என்பது ஆதாரம் ஆகாது. பார்க்க வேண்டியது ஒவ்வொரு காருக்கும் தனியாக உள்ள சேசிஸ் எண்ணை.

அந்த எண் உங்கள் வாகனப் பதிவு விவர அட்டையில் இருக்கிறது. சிங்பாஸ் வழியாக நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் பார்க்கலாம். நிலுவையில் ரீகால் உள்ளதா என்பதையும் அங்கேயே பாருங்கள். பிறகு, அதிகாரபூர்வ விநியோகிப்பாளரிடம் வாங்கியவர்கள் அவர்களிடமே எண்ணைக் கொடுத்துக் கேட்கலாம். தனி இறக்குமதியாளரிடம் வாங்கியவர்களுக்குத்தான் வேலை கூடுதல். ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்காகத் தயாரான கார்களின் எண் 17 இலக்க வடிவில் இராது. மாடல் குறியும் கோடும் எண்களுமாகக் குறுகியிருக்கும். அதை அமெரிக்கத் தளங்களில் இட்டால் ஒன்றும் கிடைக்காது. தயாரிப்பாளரின் ஜப்பானியத் தளத்தில் தேட வேண்டும். உலாவியின் மொழிபெயர்ப்பே போதுமானது.

இரண்டாம் கையாக வாங்கியவர்கள், கடிதம் முந்தைய உரிமையாளரின் முகவரிக்குப் போயிருக்கக்கூடும் என்பதை நினைவில் வைத்து, தாமே தேடுங்கள். எக்சலரேட்டரை மட்டும் பார்க்காமல் ஏர்பேக் ரீகாலையும் சேர்த்துப் பாருங்கள். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதைந்து, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை வீசியது. ஆண்டு முழுதும் புழுங்கும் நம் தீவில் அதைத் தள்ளிப்போடுவதற்கு நியாயமே இல்லை. வாகனப் பரிசோதனையில் தேறிவிட்டது என்பதும் ரீகால் முடிந்தது என்பதும் ஒன்றல்ல.

ஐந்தாம் படி: சம்பவம் நடந்துவிட்டால்

வண்டி நின்றதும் அபாய விளக்குகளைப் போடுங்கள். விரைவுச்சாலையில் என்றால் ஆணையத்தின் மீட்பு வாகனம் அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம் வரை கட்டணமின்றி இழுத்துச் செல்லும். மிதியடியைத் தொடுமுன் அது கிடக்கும் நிலையைப் படம் எடுங்கள். காரின் முன்பக்கக் கேமரா பதிந்த காணொளியை உடனே பிரதி எடுங்கள்; இல்லையேல் அடுத்த பயணம் அதன் மேல் பதிந்துவிடும். எந்தப் பெடலில் கால் இருந்தது, சத்தம் எப்படி இருந்தது, வேகக் கட்டுப்பாடு இயங்கியதா என்பதை அன்றே எழுதி வையுங்கள். மோதல் நடந்திருந்தால் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காயம் இருந்தால் காவல்துறைக்கும்.

பல கார்களில் மோதலுக்கு முந்தைய சில விநாடிகளின் வேகம், பிரேக், எக்சலரேட்டர் நிலை ஆகியவற்றைப் பதியும் கருவி உண்டு. அதைப் படித்துக் காட்டும்படி எழுத்துமூலம் கேளுங்கள். அந்தப் பதிவு எப்போதும் இறுதிச் சொல்லா என்பதில் வல்லுநர்களே மோதியிருக்கிறார்கள்: டொயோட்டா கார்களை ஆராய்ந்த நாசாவின் அறிக்கை 2011இல் மின்னணுக் காரணம் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்றது, 2013இல் ஓக்லஹோமா நடுவர் குழு ஒன்று, மென்பொருளில் குறை என்ற வல்லுநர் சாட்சியத்தைக் கேட்டபின் அந்நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. காப்பிக்கடை வழக்கு முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பட்டறையில் "சோதித்தோம், ஒன்றுமில்லை" என்று வாய்மொழியாகச் சொன்னால், எதைச் சோதித்தார்கள், எந்தப் பிழைக் குறியீடுகள் பதிவாகியிருந்தன என்பதைத் தாளில் கேட்டு வாங்குங்கள். என் காரில் எக்சலரேட்டர் ஒருமுறை சிக்கியபோது எனக்குக் கிடைத்தது வாய்மொழிப் பதில் மட்டுமே. மறுநாள் கார் நிறுத்துமிடத்தில் நானே குனிந்து பார்த்தேன். தடித்த மிதியடியின் மேல் விளிம்பில் பெடலின் அகலத்துக்குச் சரியாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது.