அரை நான்கு என்றால் மூன்றரை

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர் ஜெர்மன் படிக்கத் தொடங்கினால், எடுத்த எடுப்பில் சொற்பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே ஜெர்மனில் சில மெய்யொலிகள் வரிசையாக மாறிவிட்டன, அவ்வளவுதான். ஆங்கில 'ட்' பல சொற்களில் 'ஸ்' அல்லது 'ட்ஸ்' ஆகும்: வாட்டர் வாஸர், டென் ட்ஸேன். 'ப்' என்பது 'ஃப்' ஆகும்: ஷிப் ஷிஃப். இந்தக் காதோடு கேட்டால் பல புதுச் சொற்கள் பாதி புரிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. ஜெர்மனில் 'கிஃப்ட்' என்றால் விஷம்!

அதைவிட ஆபத்து நேரம் சொல்வதில் இருக்கிறது. 'ஹால்ப் ஃபியர்' என்பதற்குச் சொல்லுக்குச் சொல் 'அரை நான்கு' என்று பொருள். பிரிட்டிஷ் ஆங்கிலப் பழக்கத்தில் நாலரை என்று எடுத்துக்கொண்டு கிளம்பினால் ஒரு மணி நேரம் தாமதம். நான்கை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்பது அவர்கள் கணக்கு; அதாவது மூன்றரை.

'டூ' (நீ), 'ஸீ' (நீங்கள்) வேறுபாடு 'யூ' மட்டுமே அறிந்தவரைத் திணறடிக்கும். நீ, நீங்கள் என்று வளர்ந்த நமக்கு அது புதிதல்ல. ஆனால் 'டூ'வுக்கு மாறலாம் என்று முதலில் சொல்வது வழக்கமாக மூத்தவர்தான்.

ஒரு வீட்டில் காபி வேண்டுமா என்று கேட்டால் வெறும் 'டாங்கெ' (நன்றி) சொல்லாதீர்கள். வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். 'யா, பிட்டெ' (ஆமாம், தயவுசெய்து) என்றால் கோப்பை வந்துவிடும்.