பொதுச் சர்வரில் அழிந்துபோன திருத்தங்கள்: என் அனுபவம்

எங்கள் திட்டத் தரவுகள் பொதுவான ஒரு சர்வரில் இருந்தன. ஒவ்வொரு பதிவுக்கும் தனி இணைய முகவரி உண்டு. ஒரே பதிவை இருவர் எடுத்துத் திருத்தும்போது, பின்னால் சேமித்தவரின் வடிவம் முன்னவரின் உழைப்பை ஓசையின்றி அழித்துவிட்டது. சர்வரோ இருவருக்கும் 200 (வெற்றி) என்றே பதில் அனுப்பியது.

பதிவைப் பெறும்போது சர்வர் தரும், பதிவின் அப்போதைய வடிவத்தைக் குறிக்கும் ஈடேக் (ETag) என்னும் அடையாளத்தைக் குறித்துக்கொண்டு, திருத்தத்தைச் சேமிக்க அனுப்பும் புட் (PUT) கோரிக்கையின் இஃப்-மேட்ச் (If-Match) தலைப்பில் அதையே திருப்பி அனுப்புமாறு நிரலை மாற்றினேன். இடையில் வேறொருவர் பதிவை மாற்றியிருந்தால் அடையாளம் பொருந்தாது. சர்வர் எதையும் எழுதாமல் 412 (நிபந்தனை பொருந்தவில்லை) என்று மறுத்துவிடும். அப்போது புதிய வடிவத்தை எடுத்து, இரு திருத்தங்களையும் ஒப்பிட்டு இணைக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனாலும் பிறர் உழைப்பைக் காப்பதற்கு அது அவசியம். தளர்வான ஈடேக் (W/ என்று தொடங்குவது; வடிவங்கள் ஏறக்குறைய ஒன்றே என்று மட்டும் காட்டுவது) இஃப்-மேட்சில் ஒருபோதும் பொருந்தாது என்பதையும் கவனிக்கவும். இறுதியாக, அத்தலைப்பே இல்லாமல் வரும் கோரிக்கைகளை 428 (நிபந்தனை தேவை) என்று திருப்பியனுப்பும்படி சர்வரை அமைத்தேன்.